மதலைமுத்துவின் ஏழு ஒன்று ஒன்று ஏழு

பெங்களூர் காக்ஸ் டவுன் முழுக்க இப்போது இதே பேச்சுதான். மதலைமுத்து நடுரோட்டில் காரை நிறுத்தினானாம். உள்ளே வெள்ளை கவுனில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணை இறங்கச் சொன்னானாம். காரின் முன்னால் கட்டியிருந்த 'டேரில் வெட்ஸ் லவினா' பலகையைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தானாம். "ஒன்றரை லட்சம் கொட்டி வாங்குன நம்பர மறைக்கிறீங்களா? உங்க கல்யாணத்தவிட என் நம்பர் பெருசு" என்று கத்தினானாம். பெண் அழுதுகொண்டே ஆட்டோவில் மாதா கோயிலுக்குப் போனாளாம்.

இது சனிக்கிழமை சாயங்காலத்துக் கதை. ஞாயிறு காலைப் பூசை முடிவதற்குள் மதலைமுத்து பெண்ணின் அப்பாவை அறைந்தும் விட்டான். பொம்மனஹள்ளிக்குப் போன கதையில் பெண் ஆட்டோகூடக் கிடைக்காமல் கவுனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சந்தாபுராவில் கல்யாணமே நின்றுவிட்டது. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியிருந்தால் கொலையே விழுந்திருக்கும். நல்லவேளை, அந்தப் பக்கம் யாருக்கும் மதலைமுத்துவைத் தெரியாது.

ஊர்க் கதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பலகை ஒடிந்தது உண்மை. ஒடித்த முழங்கால் மதலைமுத்துவுடையது என்பதும் உண்மை. ஆட்டோவும் உண்மைதான். சாமான் எல்லாம் சரியாக இருந்தும் குழம்பு மட்டும் வேறு. அந்தச் சனிக்கிழமை காருக்குள் இருந்தவர்கள் மூன்று பேர், வெளியே நின்று கேள்வி கேட்டவர் ஒருவர். அந்த நாலு பேருக்கு நடுவில் நடந்ததை இனி வரிசையாகக் கேளுங்கள்.

மதலைமுத்து கே.ஜி.எஃப்.பில் பிறந்தவர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலேயே பெங்களூர் வந்து, துணி ஏற்றுமதி செய்யும் ஒரு முதலாளிக்கு டிரைவராகச் சேர்ந்தார். அந்த முதலாளியின் காருக்கு ஃபேன்ஸி நம்பர். கிளப் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி முதலாளியின் முகத்தைப் பார்க்க மாட்டான். நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் சல்யூட் அடிப்பான். முதலாளி பின்சீட்டில் இல்லாமல் கார் மட்டும் போனாலும் சல்யூட் உண்டு. அப்படி ஆளில்லாத காருக்கு விழுந்த சல்யூட்டுகள் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டவர் மதலைமுத்துதான். மனுஷனுக்கு அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கம்பெனி மூடியபோது கைக்கு வந்த பணத்தோடு பேங்க் லோனும் சேர்த்து ஒரு பெரிய வெள்ளைக் கார் வாங்கினார். கோயில் கல்யாணங்களுக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும் வேலை. இதில் ஒரு சங்கடம் உண்டு. வாடகைக்கு ஓடும் காருக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்க வேண்டும் என்பது சட்டம். மஞ்சள் பிளேட் வண்டியில் வந்து இறங்க எந்தக் கல்யாணப் பெண் சம்மதிப்பாள்? மஞ்சள் வந்து நின்றால் அது டாக்ஸி. வெள்ளை வந்து நின்றால் வசதியான சொந்தக்காரர் வண்டி. அதனால் மதலைமுத்து சொந்த உபயோகத்துக்கு என்று வெள்ளை பிளேட்டோடு வண்டியை எடுத்து, திருட்டுத்தனமாக வாடகைக்கு விட்டார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவர் பெண்ணுக்கு மாமா. போலீஸ் கேட்டாலும் மாமா, சம்பந்தி வீட்டார் கேட்டாலும் மாமா.

வெறும் மாமாவாக இருந்தால் போதாது, பணக்கார மாமாவாக இருக்க வேண்டும் என்றுதான் நம்பர் வாங்கும் யோசனை வந்தது. புதுக் காருக்கு நம்பர் கொடுக்கும்போது நல்ல நம்பர்களை ஏலம் விடுவார்கள். மதலைமுத்து கண் வைத்தது ஏழு ஒன்று ஒன்று ஏழு. ஏலத்தில் எதிரே நின்றது கூலிங் கிளாஸ் போட்ட ஒரு நிலப் புரோக்கர். அவன் மகனுடைய பிறந்த நாளாம் அது. அவன் ஏற்ற, இவர் ஏற்ற, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நோரா ஒவ்வொரு தடவையும் இவர் தொடையைக் கிள்ளினாள். கிள்ளியதில் துள்ளி எழுந்தவர் கடைசித் தொகையைச் சொல்லிவிட்டார். நோரா இன்றும் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"நடுவுல பாரு, ரெண்டு ஒன்னு நேரா நிக்குது. அது பொண்ணும் மாப்பிள்ளையும். ரெண்டு பக்கமும் ஏழு குனிஞ்சு நின்னு கும்புடுது. கல்யாண வண்டிக்குன்னே ஆண்டவர் போட்ட நம்பரு" என்று வாடிக்கையாளர்களிடம் விளக்குவார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். கல்யாணத்தன்று நேராக வந்து அந்த நம்பர் மேலேயே பெயர்ப் பலகையைக் கட்டுவார்கள்.

நோராவுக்கு அது போதும். "தங்கத்த வாங்கி தெர்மாகோலுக்கு அடியில பொதைச்ச ஒரே ஆளு நீதான் மேன். அந்தக் காசுக்கு வீட்டுல ஒரு பாத்ரூம் கட்டியிருந்தா தெனமும் யூஸ் ஆயிருக்கும்."

"பின்னாடி நம்பர் தெரியுதில்ல?"

"அதான், உன் பெருமையெல்லாம் பின்னாடிதான்."

ஒரு முறை மதலைமுத்துவுக்கே பயம் வந்து, வண்டியை ஒழுங்காக மஞ்சளாக மாற்றிவிடலாமா என்று ஆர்.டி.ஓ. வேலை பார்க்கும் ஏஜென்ட்டிடம் கேட்டார். "மாத்தலாம் மதலை. ஆனா வாடகை வண்டிக்கு வேற சீரிஸ், வேற நம்பரு. உன் ஏழு ஒன்னு போயிடும்" என்றார் ஏஜென்ட். மதலைமுத்து வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். லோன் பாதிகூட முடியவில்லை. பிடிபட்டால் வண்டி போலீஸ் வளாகத்தில் நிற்கும், கல்யாண சீசன் கையைவிட்டுப் போகும். மாற்றினால் நம்பர் போகும். இரண்டுக்கும் நடுவில் மாமாவாகவே ஓட்டிக்கொண்டிருந்தார்.

லவினாவின் கல்யாணம் இந்த நிலைமையில்தான் வந்தது.

லவினாவின் அப்பா ஆம்ப்ரோஸ், ரிட்டயரான கணக்கு வாத்தியார். பழைய காக்ஸ் டவுன்காரர். வீட்டை விற்றுவிட்டு பொம்மனஹள்ளியில் ஃபிளாட் வாங்கிப் போனவர். கல்யாணம் மட்டும் பழைய கோயிலிலேயே நடக்க வேண்டும் என்று பிடிவாதம். நாலு மணிக்குப் பூசை. ஐந்தரைக்கு அதே கோயிலில் வேறொரு கல்யாணம். பெண் தாமதமாக வந்தால் பாட்டு, பிரசங்கம் எல்லாம் வெட்டுப்படும் என்று ஃபாதர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

பொம்மனஹள்ளி ஃபிளாட் வாசலில் லவினாவின் சித்தப்பா மகன் ஆஷ்லி பலகையைக் கட்டினான். தெர்மாகோலில் வெல்வெட் ஒட்டி, தங்க எழுத்து வெட்டிய பலகை. காரின் அகலத்துக்கு ஒரு விரற்கடைதான் குறைவு.

"தம்பி, கொஞ்சம் மேல தூக்கிக் கட்டேன். நம்பர் தெரியட்டும்" என்றார் மதலைமுத்து.

"மேல கட்டுனா இன்ஜின் ஹீட் ஆயிடும் அங்கிள். ஃபோட்டோவுல பேருதான் வரணும், உங்க நம்பர் எதுக்கு?"

மதலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். பிறகு வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார். "வழியில யாரு நிறுத்தினாலும், எது கேட்டாலும், நான் பொண்ணுக்கு மாமா. சரியா? அம்மா வழி மாமா."

பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸ் நின்றார். "அது நடக்காது மதலை."

"எது நடக்காது?"

"நேத்து நாங்க குடும்பத்தோட பாவசங்கீர்த்தனம் பண்ணி, செஞ்ச பாவத்தையெல்லாம் ஃபாதர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கோம். நானும் லவினாவும் இன்னைக்குப் பூசையில ஃபாதர் கையால நன்மை அப்பம் வாங்கணும். பொய் சொன்ன வாயால அத வாங்கக் கூடாது. வாங்கற வரைக்கும் பொய் சொல்ல மாட்டேன்."

"சார், பூசை வரைக்கும்தான?"

"பூசையில நன்மை வாங்கற வரைக்கும்தான். அதுக்கப்புறம் நீ கேட்டா யோசிக்கலாம்."

"அப்ப சும்மா வாய மூடிக்கிட்டு இருங்க. நான் சொல்லிக்கறேன்."

"நீ சொல்லி, நான் தலையாட்டுனா அதுவும் என் பொய்தான்."

"அப்பா, ப்ளீஸ்ப்பா" என்று லவினா உள்ளே இருந்து கெஞ்சினாள். அவளுடைய கவுனின் வால் மட்டும் சீட்டில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. "யாரும் நிறுத்த மாட்டாங்க. வண்டிய எடுங்க அங்கிள்."

ஆனால் ரோடு நிறுத்தியது. ஓசூர் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே படுத்த மாதிரி நின்றுவிட்டது. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் லவினாவின் நெற்றிப் பவுடர் கரைய ஆரம்பித்தது. ஏ.சி.யை முழுசாகத் திருப்பினார் மதலைமுத்து. மாப்பிள்ளையின் அம்மா ஃபோனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "எங்கம்மா வந்துட்டிருக்கீங்க? ஃபாதர் ரெண்டு வாட்டி வெளிய வந்து பாத்துட்டுப் போயிட்டாரு." லவினா ஒவ்வொரு முறையும் "அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி" என்றாள். மூன்றாவது முறை சொன்னபோது ஆம்ப்ரோஸ் கையை நீட்டி ஃபோனை வாங்கி, "அஞ்சு நிமிஷம் இல்ல சிஸ்டர், இன்னும் அரை மணி ஆகும்" என்று சொல்லி வைத்துவிட்டார். மதலைமுத்து கண்ணாடியில் இதைப் பார்த்தார். இந்த ஆளை வைத்துக்கொண்டு கோயில் போய்ச் சேர வேண்டும்.

குறுக்குச் சந்துகளில் புகுந்து, ஒரு வழிப் பாதையில் ஒழுங்காகச் சுற்றி, கடைசியில் காக்ஸ் டவுன் பக்கத்து ரயில் பாலத்துக்கு வந்தார். நாலு மணி ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. பாலத்தைத் தாண்டினால் கோயில் கோபுரம் தெரிந்துவிடும். மதலைமுத்து மூச்சு விட்டார்.

அந்த மூச்சு வெளியே வருவதற்குள் விசில் கேட்டது.

பாலத்தடியில் போலீஸ் ஜீப். ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னான். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற டிராஃபிக் எஸ்.ஐ. நடந்து வந்தாள். முப்பது வயசு இருக்கும். சட்டையில் 'பார்கவி' என்று பெயர். அவசரமே இல்லாத நடை. அவசரம் இல்லாத போலீஸ்தான் ஆபத்து என்று மதலைமுத்துவுக்கு முதலாளி காலத்திலிருந்தே தெரியும்.

"நம்பர் எல்லி? எங்க நம்பர்?" என்று கேட்டாள் பார்கவி, வண்டியின் முன்பக்கத்தைக் காட்டி.

மதலைமுத்து இறங்கினார். "கல்யாணப் பொண்ணு மேடம். நாலு மணிக்குக் கோயில். பசங்க ஆசைப்பட்டு கட்டிட்டாங்க."

"கல்யாணம் சந்தோஷம். நம்பர மறைச்சா கேஸ். கழட்டுங்க." அவளுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது, நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்த்தது. "பேக பேக, சீக்கிரம்."

மதலைமுத்து குனிந்து ரிப்பனை அவிழ்த்தார். எழுத்து உதிராமல் பலகையைத் தூக்கிப் பானெட்டின் மேல் வைத்தார். நம்பர் பிளேட் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அது தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பார்கவி நம்பரைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வண்டியைச் சுற்றிப் பின்னால் போய் அங்கேயும் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏழு ஒன்னு ஒன்னு ஏழு" என்றாள் மெதுவாக. "பொண்ணுக்கு நீங்க யாரு?"

"மாமா, மேடம். அம்மா வழி."

"ஓஹோ. ஈஸ்டர் முடிஞ்சு இதே கோயில் வாசல்ல எனக்கு பந்தோபஸ்து டூட்டி. இந்த வண்டியில ஒரு பொண்ணு இறங்குச்சு. கொஞ்சம் குண்டா, கண்ணாடி போட்டு. அதுக்கும் மாமாவா?"

"அது... தங்கச்சி மக."

"போன மாசம் ஒல்லியா ஒரு பொண்ணு."

"பெரியப்பா வழி..."

"எஷ்டு ஜனா ஸ்வாமி, எத்தன பேரு உங்களுக்கு? கோயிலுக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் உங்க அக்கா தங்கச்சி பெத்ததா?"

கான்ஸ்டபிள் சிரித்தான். மதலைமுத்துவும் சிரித்துப் பார்த்தார், வரவில்லை. "மேடம், தெனம் ஆயிரம் வண்டி பாப்பீங்க. வேற வெள்ள வண்டியா இருக்கும்."

"வேற வண்டியா இருந்தா எனக்கு ஞாபகமே இருக்காது. எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும்னுதானே காசு கட்டி இந்த நம்பர் வாங்கினீங்க? நானும் ஞாபகம் வெச்சுக்கிட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "நிஜ ஹேளி, உண்மைய சொல்லுங்க. சொந்த வண்டியா, வாடகைக்கு ஓட்டறீங்களா?"

"சொந்த வண்டி மேடம். ஆர்.சி. என் பேருல."

"அது கேக்கல."

பாலத்தின் மேல் ஒரு ரயில் கடந்தது. மதலைமுத்து அந்த ரயில் இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று நினைத்தார். ரயில் போனதும் பார்கவி நேராகப் பின்கதவுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். ஆம்ப்ரோஸ் கண்ணாடியை இறக்கினார்.

"சார், நீங்க பொண்ணுக்கு அப்பாவா?"

"ஆமாம்."

"இவரு யாரு?"

ஆம்ப்ரோஸ் மதலைமுத்துவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"சார், கேக்குதா? இவரு உங்களுக்கு என்ன உறவு?"

"தயவுசெஞ்சு என்ன கேக்காதீங்கம்மா."

"ஏன்?"

"நேத்துதான் பாவசங்கீர்த்தனம் பண்ணேன்."

பார்கவிக்கு அது புரியவில்லை. ஆனால் ஒரு மனிதன் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறான் என்பது நன்றாகப் புரிந்தது. அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பரவாயில்ல. இவரு யாருன்னு ஜீப்ல உட்கார்ந்து எழுதிக் கொடுங்க. அப்புறம் போகலாம்."

லவினாவின் ஃபோன் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கோயில் மணி அங்கிருந்தே கேட்டது. நாலு மணி. மணி ஓய்ந்ததும் லவினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகம் மாறுவதை மதலைமுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"லவினா, வேணாம்" என்றார் ஆம்ப்ரோஸ்.

"மேடம், அவரு எங்க..."

இந்த இடத்தில் மதலைமுத்துவின் மண்டைக்குள் ஓடியதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அந்தப் பெண் இப்போது 'மாமா' என்று சொன்னால் வண்டி ஒருவேளை தப்பலாம். ஆனால் அவள் ஆம்ப்ரோஸின் மகள். பொய் சொன்ன வாயோடு நன்மை வாங்கமாட்டாள். தன் கல்யாணப் பூசையில் எல்லாரும் எழுந்து போக, கல்யாணப் பெண் மட்டும் முழங்காலில் நின்றபடி இருப்பாள். பின்வரிசையில், ஊர் வம்பு ஒன்றையும் விடாத சிந்தியா இருப்பாள். சிந்தியாவுக்குப் பக்கத்தில் அவளைவிட மோசமான நாலு பேர் இருப்பார்கள். கல்யாணப் பெண் ஏன் நன்மை வாங்கவில்லை என்ற கேள்விக்கு காக்ஸ் டவுனில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை லவினா பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை மாசத்தை எண்ணிக்கொண்டே பேசுவார்கள்.

மதலைமுத்துவும் இப்படி எண்ணியவர்தான். இரண்டு மூன்று கல்யாணங்களுக்கு. அதனால் கணக்கு சட்டென்று ஓடியது.

"வாடகை வண்டி மேடம்" என்றார் உரக்க. "நான் யாருக்கும் மாமா இல்ல. காசு வாங்கிட்டுதான் ஓட்டறேன். அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் கேக்காதீங்க."

லவினாவின் வாய் பாதியில் நின்றது. ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

பார்கவி திரும்பினாள். அவள் முகத்தில் ஜெயித்த மாதிரி எதுவும் இல்லை. கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. "இத நீங்க சொல்லாம இருந்திருந்தா நம்பர மறைச்சதுக்கு மட்டும் ஃபைன் போட்டு அனுப்பியிருப்பேன். பொண்ணு உட்கார்ந்திருக்கு. இப்ப என் காதுல போட்டுட்டீங்க. கான்ஸ்டபிளும் கேட்டாரு. கேக்காத மாதிரி நான் நிக்க முடியாது. வண்டி ஸ்டேஷனுக்கு வரணும்."

"பொண்ண இறக்கிட்டு வந்துடறேன் மேடம். இதோ, தெரியுது பாருங்க கோயிலு."

"வாடகை வண்டின்னு தெரிஞ்சப்புறம் அத எப்படி ஓட்ட விடறது?" சொல்லிக்கொண்டே அவள் ரோட்டின் நடுவில் போய் நின்று விசிலை ஊதினாள். பாலத்தடியில் வந்த ஆட்டோ ஒன்று ஆளைத் தின்னும் சத்தத்தோடு நின்றது.

"க்யா மேடம், மைங் க்யா கியா?" என்று ஆட்டோ டிரைவர் கையைக் கூப்பினான்.

"ஒன்னும் பண்ணல. இவங்கள அந்த கோயில்ல விடு. மீட்டர் போடாத."

கவுன் ஆட்டோவுக்குள் போக மறுத்தது. முதலில் லவினாவைத் திணித்தார்கள். அப்புறம் கவுன் வாலைச் சுருட்டி, பக்கத்தில் உட்கார்ந்த ஆம்ப்ரோஸின் மடியில் அள்ளிப் போட்டார்கள். வெள்ளை வலைக்கு மேலே கிழவரின் கண்ணாடி மட்டும் தெரிந்தது. லவினா தலையை வெளியே நீட்டினாள். அவள் மதலைமுத்துவைப் பார்த்து, "அங்கிள், அப்படியே போய் இறங்கினா... சும்மா ஏதோ ஆட்டோவுல..." என்றாள்.

மதலைமுத்து பானெட்டின் மேல் கிடந்த பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டோவின் முன்னால் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் முழ நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே போனால் முதல் ஸ்கூட்டர்காரன் காதை அறுத்துவிடும். டிரைவருக்கு ரோடும் தெரியாது. இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பலகையை முழங்காலில் வைத்தார். தெர்மாகோல் 'டப்' என்று முறிந்தது. 'டேரில் வெட்ஸ்' ஒரு பக்கம், 'லவினா' ஒரு பக்கம். பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் "ஐயையோ" என்றார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போக அந்தப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் அதில் இருந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பெண்ணுக்கு முன்னால் கதை எப்படிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

'டேரில் வெட்ஸ்' கண்ணாடிக்குக் கீழே, 'லவினா' அதற்கும் கீழே. சிவப்பு ரிப்பனால் இறுக்கிக் கட்டினார். ஆட்டோவின் தகரத்தைத் தட்டினார்.

"போப்பா!"

ஆட்டோ போனது. பின்னால் பார்த்தால் கவுன் நுனி ஓரமாக வெளியே பறந்துகொண்டிருந்தது. மதலைமுத்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து, சாவியை பார்கவியின் கையில் கொடுத்தார்.

"நம்பர் ரொம்ப அழகா இருக்கு" என்றாள் அவள், கிண்டலா நிஜமா என்று தெரியாத குரலில்.

"வாங்கிக்கறீங்களா மேடம்?" என்றார் மதலைமுத்து.

கோயிலில் நடந்தது ஊருக்கே தெரியும். பூசை கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்தது. ஃபாதர் பிரசங்கத்தை மட்டும் வெட்டினார், அதற்காகப் பல பேர் சந்தோஷப்பட்டார்கள். லவினா மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் கண்ணுக்கும் முன்னால் கையை நீட்டி நன்மை வாங்கினாள். பின்வரிசைக்கு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை. பேசாமலும் இருக்க முடியாது. ஆட்டோவில் வந்த கல்யாணப் பெண்ணும், இரண்டாக ஒடிந்த பலகையும் வாசலில் இருந்தன. மிச்சத்தை அவர்களே சமைத்துக்கொண்டார்கள்.

வண்டி இன்னும் வீடு வரவில்லை. அபராதம் கட்டி, மஞ்சளாக மாற்ற ஒத்துக்கொண்டு மனு கொடுத்தாயிற்று. ஏஜென்ட் சொன்னது சரிதான், வேறு சீரிஸில் ஏதோ ஒரு நம்பர் வரும். அது எப்படி இருக்கும் என்று மதலைமுத்து கேட்கக்கூட இல்லை. நோரா மட்டும் அந்தக் காசுக்கு வீட்டில் என்னென்ன செய்திருக்கலாம் என்ற பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறாள். அது மதலைமுத்துவுக்குத் திட்டு வாங்குவதைவிடப் பயமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்துப் பன்றிக் கறிக் கடையில் வரிசையில் நின்றார். நோராவின் ஸ்கூட்டரில் வந்திருந்தார். முன்னால் நின்ற சிந்தியா திரும்பிப் பார்த்தாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கறி வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரன்கூட நிறுத்தினான்.

"என்னா மதலை, ஸ்கூட்டர்ல வந்திருக்க? ஏழு ஒன்னு எங்க?"

"ஸ்டேஷன்ல."

"கேள்விப்பட்டோம்ப்பா. கோபம் வரத்தான் செய்யும், அவ்வளவு காசு கொடுத்து வாங்கின நம்பர மறைச்சா. ஆனா அதுக்காக ஒரு பொண்ணோட பேர நடுரோட்டுல..."

"நம்பர மறைச்சதுக்காக நான் ஒடிக்கல."

"அப்புறம்? நாலு பேரு பாத்திருக்காங்க. கால்ல வெச்சு ஒடிச்சியாமே. பொண்ண இறக்கி விட்டுட்டியாமே."

"இறக்கி விட்டது போலீஸ்."

"போலீஸ் எதுக்கு இறக்கணும்?"

"என் நம்பர் அந்தம்மாவுக்கு ஞாபகம் இருந்துச்சு. அதுக்குத்தான் காசு கட்டுனேன், வேல செஞ்சிடுச்சு. வெறும் நம்பரா இருந்திருந்தா இன்னைக்கு வண்டியில வந்திருப்பேன்."

சிந்தியா விடுவதாக இல்லை. குரலைத் தாழ்த்தி, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "சரி, அதெல்லாம் இருக்கட்டும். உண்மைய சொல்லு. அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் உனக்கும் என்னா சண்ட? சண்ட இல்லாம எவனாவது கல்யாண போர்ட ரெண்டா ஒடிப்பானா?" என்றாள்.

மதலைமுத்து அவளைப் பார்த்தார். கடைக்காரனைப் பார்த்து, "ஒரு கிலோ, கொழுப்போட" என்றார். பிறகு மறுபடி சிந்தியாவிடம் திரும்பினார்.

"ஒரு சண்டையும் இல்ல சிந்தியா. ஆட்டோவுக்கு மூஞ்சி சின்னது. அதான் ஒடிச்சேன்."